ஒலிவமும் வெரளியும்

"ஐயா, ஒலிவ மரம் என்பது யாது?" எனப் பல்லாண்டுகளுக்கு முன் வகுப்பில் ஒரு மாணவன் வினவினான். "நம் வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் வெரளி மரந்தான், அதன் காயை உப்பும் மிளகாய்த்தூளும் இட்டு நீ தின்றிருப்பாயே" எனத் தயங்காது விடை பகர்ந்தேன். பின்வந்த வகுப்புகளுக்கும் அவ்வாறே கூறினேன். அது பிழை. அவ்விடையைக் கேட்டோர் இன்று பழைய மாணவராய் இம்மலரைப் படிப்பர் ஆதலின், அப்பிழையைத் திருத்துதற்கு இதுவே தக்க இடம் எனக் கருதினேன்.

வெரளியை ஆங்கிலேயர் 'சிலோன் ஒலிவ்' என்றனர். காயின் பசுமையும் நீள்வட்ட வடிவமும் ஒலிவக்காயை ஒத்திருத்தலே காரணம். 'எலியோகார்ப்பசு' என்னும் அதன் தாவரவியற் பெயரும் கிரேக்க மொழியில் ஒலிவக்கனி எனப் பொருள்படும். ஆயினும் இவ்விரு மரங்களும் வெவ்வேறு குடும்பத்தன. வெரளிக்கு நெருங்கிய உறவு உருத்திராக்க மரம். இரண்டும் ஒரே பேரினத்தைச் சார்ந்தவை. ஒலிவத்தின் குடும்பத்திலோ, நாம் இறைவனுக்குச் சூட்டும் மல்லிகை உள்ளது. தோற்றம் ஒன்றைக் காட்ட உறவு பிறிதொன்றாதல் வியப்பன்றோ!

ஒலிவம் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளுக்கு உரியது. அரும்பு தோன்றக் குளிர்காலமும், காய் முதிர வறண்ட கோடையும் அதற்கு வேண்டும். மழையும் ஈரமும் மிக்க இரத்தோட்டைச் சரிவுகள் அதற்கு ஏற்றன அல்ல. இந்தியாவின் இராசத்தானத்து வறண்ட நிலத்தில், இசுரவேல் நாட்டின் உதவியுடன் 2008 ஆம் ஆண்டில் ஒலிவக் கன்றுகள் நடப்பட்டன.

எள்ளிலும் நிலக்கடலையிலும் வித்தை ஆட்டி எண்ணெய் பெறுகிறோம். ஒலிவத்தில் எண்ணெய் பெரும்பாலும் சதையிலேயே உள்ளது. பழங்களைக் கொட்டையோடு அரைத்துக் கூழாக்கி, அதினின்று எண்ணெயைப் பிரித்தெடுப்பர். பச்சைக்காய் மிகக் கைப்பது; உப்புநீரில் பலநாள் ஊறிய பின்னரே உண்ணத்தகும். வெரளிக்காயையோ மரத்தினின்று பறித்தவுடனே உண்ணலாம். ஆனால் எண்ணெய்க்காக எவரும் அதனைப் பிழிவதில்லை.

ஒலிவத்தைக் கிரேக்கர் அதீனாத் தெய்வத்தின் கொடை என்றனர். ஒலிம்பியா விளையாட்டில் வென்றோர்க்கு அதன் தழையால் முடி சூட்டினர். விவிலியத்தில் வெள்ளம் வடிந்ததை நோவாவுக்கு உணர்த்தியது புறா கொணர்ந்த ஒலிவ இலையே. 1947 இல் ஏற்கப்பெற்ற ஐக்கிய நாடுகள் கொடியிலும் உலகப் படத்தை ஒலிவக் கிளைகள் அணைத்து நிற்கின்றன. பல்லாண்டு பேணிய பின்னரே நிறைபயன் தரும் மரம் அது. போர் நிகழும் நிலத்தில் அங்ஙனம் பேணுதல் அரிது. ஆதலின் அமைதிக்கு அது குறியாதல் பொருத்தமே.

யூதர் ஆலய விளக்கில் எரிந்ததும் ஒலிவ எண்ணெயே. அங்ஙனமாயின் நம்மவர்க்கு ஒலிவம் போன்றது எது? இலுப்பை என்பேன். அதன் வித்தின் நெய் நம் கோயில் விளக்குகளில் தலைமுறை தலைமுறையாய் எரிந்தது. மன்னார் மாவட்டத்து இலுப்பைக்கடவை ஊர்ப்பெயரிலும் அம்மரத்தின் பெயர் நிலைத்துள்ளது. காயின் வடிவை நோக்கினால் வெரளி ஒலிவமாய்த் தோன்றும். பயனை நோக்கினால் இலுப்பையே அதற்கு இணை.

அன்று வினவிய மாணவன் இன்று எங்குளானோ அறியேன். இதனைப் படிப்பானாயின், என் பழைய விடையை அடித்துவிட்டு இதனை எழுதிக்கொள்வானாக.