ரன்னிமீட் பட்டயம்: மன்னரின் கைக்கு விழுந்த கட்டு

1215 ஜூன் 15 அன்று, தேம்ஸ் ஆற்றங்கரையில் வின்ட்சருக்கும் ஸ்டெயின்ஸுக்கும் நடுவே உள்ள ரன்னிமீட் புல்வெளியில், இங்கிலாந்து மன்னர் ஜான் தம் பிரபுக்களின் கோரிக்கைகளுக்கு இணங்கினார். அந்த இணக்கத்தை லத்தீனில் எழுதிய பட்டயம்தான் மாக்னா கார்ட்டா. மன்னர் அதில் கையெழுத்திடவில்லை. வழக்கப்படி அரச முத்திரைதான் பதிக்கப்பட்டது.

பணமே பகை

1204-இல் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னரிடம் பறிகொடுத்த ஜான், அதை மீட்கப் பத்தாண்டு காலம் பணம் திரட்டினார். போருக்கு வராத பிரபு அதற்கு ஈடாகப் பணம் கட்டுவதும், வாரிசு நிலத்தை அடைய மன்னருக்குக் கட்டணம் செலுத்துவதும் பழைய வழக்கங்கள். ஆனால், வாரிசுக் கட்டணம் எவ்வளவு என்பதில் மன்னர் வைத்ததுதான் சட்டம். 1205-இல் நிக்கோலஸ் டி ஸ்டட்வில் என்ற பிரபு, குடும்ப நிலங்களைப் பெற 10,000 மார்க், அதாவது சுமார் 6,666 பவுன், தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

1214 ஜூலையில், பிரெஞ்சு மன்னருக்கு எதிரான புவீன் போரில் ஜானின் கூட்டாளிகள் தோற்றார்கள். திரட்டிய பணம் வீணானது. அடுத்த மே மாதம், கிளர்ச்சி செய்த பிரபுக்கள் லண்டனைக் கைப்பற்றினர். மன்னருக்குப் பேச்சுவார்த்தையைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

சரத்துகள் சொன்னவை

பட்டயத்தின் வாசகத்தைப் பிற்கால அறிஞர்கள் 63 சரத்துகளாகப் பிரித்தனர். பெரும்பாலானவை அன்றாட நிர்வாகம் பற்றியவை. பிரபுவின் வாரிசு செலுத்தும் கட்டணம் 100 பவுன் என்று வரையறுக்கப்பட்டது. விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது. அரச அதிகாரிகள் உடனே பணம் தராமலோ, தவணைக்கு விற்பவர் சம்மதிக்காமலோ தானியத்தை எடுக்கக் கூடாது. அபராதம் குற்றத்தின் அளவுக்கு ஏற்ப இருக்க வேண்டும். வணிகரின் சரக்கும் பண்ணையடிமையின் உழவுக் கருவிகளும் பறிபோகும் அளவுக்கு அதை விதிக்கக் கூடாது.

மூன்று சரத்துகள் அரச அதிகாரத்தின் அடிப்படையையே தொட்டன. 12-ஆம் சரத்தின்படி, மன்னரைச் சிறைமீட்பது, மூத்த மகனுக்கு வீரப்பட்டம் சூட்டுவது, மூத்த மகளின் முதல் திருமணம் ஆகிய மூன்று காரணங்கள் தவிர, நாட்டின் பொது ஆலோசனையின்றி வரி விதிக்க முடியாது. 39-ஆம் சரத்து, சட்டபூர்வமான தீர்ப்போ நாட்டின் சட்டமோ இன்றிச் சுதந்திரக் குடிமகன் எவரையும் சிறையிடவோ, உடைமை பறிக்கவோ, நாடு கடத்தவோ தடை விதித்தது. 61-ஆம் சரத்து, 25 பிரபுக்களைக் கண்காணிப்பாளர்களாக்கியது. புகாரை 40 நாளில் தீர்க்காத மன்னரின் கோட்டைகளையும் நிலங்களையும் அவர்கள் கைப்பற்றலாம். மன்னர், அரசி, பிள்ளைகள் ஆகியோரை மட்டும் தீண்டக் கூடாது.

இந்த உரிமைகளில் பல சுதந்திரக் குடிமக்களுக்கே உரியவை. மக்களில் பெரும்பகுதியாக இருந்த பண்ணையடிமைகளுக்கு 39-ஆம் சரத்து பொருந்தவில்லை.

செத்துப் பிழைத்த பட்டயம்

மன்னரையே தண்டிக்கும் 61-ஆம் சரத்து நடைமுறையில் உள்நாட்டுப் போருக்கான அனுமதியாக இருந்தது. ஜானின் வேண்டுகோளின்படி, போப் மூன்றாம் இன்னொசென்ட் ஆகஸ்ட் 24 அன்று பட்டயம் செல்லாது என்று அறிவித்தார். போர் மூண்டது. 1216 அக்டோபரில் ஜான் இறக்க, ஒன்பது வயது மகன் மூன்றாம் ஹென்றி அரியணை ஏறினார். அவர் சார்பில் ஆட்சி நடத்திய வில்லியம் மார்ஷல், பிரபுக்களை மீண்டும் தம் பக்கம் இழுக்க அதே ஆண்டு பட்டயத்தைத் திரும்ப வெளியிட்டார். 12, 61 ஆகிய சரத்துகள் அதில் இடம்பெறவில்லை.

ஆயினும் வரிக்குச் சம்மதம் வேண்டும் என்ற கொள்கை வேறு வழியில் நிலைபெற்றது. 1225-இல் பிரான்ஸுடனான போருக்குப் பணம் தேவைப்பட்டபோது, அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கை வரியாகப் பெற்றுக்கொண்டு ஹென்றி பட்டயத்தைப் புதிதாக வழங்கினார். கஜானா காலியாகும்போதெல்லாம் மன்னர்கள் அதை மறு உறுதி செய்ய வேண்டியதாயிற்று. 1297-இல் முதலாம் எட்வர்ட் காலத்தில் அது சட்டப் பதிவேட்டில் ஏறியது.

அந்த 1297 வடிவத்தின் பெரும்பகுதி 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் நீக்கப்பட்டது. திருச்சபையின் சுதந்திரம், லண்டன் நகரின் உரிமைகள், முறையான தீர்ப்பின்றி எவரையும் சிறையிடலாகாது என்ற விதி ஆகியவை இன்றும் இங்கிலாந்தில் சட்டமாகவே உள்ளன.

(தொடரும்)