குட்டி வீடியோ போட்டா குழுவுக்கு லாபமா?



"ஷார்ட்ஸ், ரீல்ஸ் போட்டா காசு வருதாமே, நாமளும் போடலாமா? நல்ல போன் வாங்க உள்கடன் கிடைக்குமா?" என்று குழுக் கூட்டங்களில் கேட்கிறார்கள். தீர்மான நோட்டில் எழுதுவதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடுவோம், வாங்க.

யூடியூப் எப்போது பணம் தரும்?

விளம்பரப் பணத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு, 12 மாதத்தில் நம் நீள வீடியோக்களை மக்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்கணும். இல்லாவிட்டால் 90 நாளில் ஷார்ட்ஸை 1 கோடி தடவை பார்த்திருக்கணும். அதாவது, தினமும் 1 லட்சத்துக்கும் மேல! ஓடும் ஷார்ட்ஸ் பார்த்த நேரம் அந்த 4,000 மணியில் சேராது. 2023 பிப்ரவரி முதல் ஷார்ட்ஸுக்கும் பங்கு உண்டு. நீள வீடியோவுக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸுக்கு 45 சதவீதம்.

புதுக்கோட்டை மாவட்டத்துப் பெரியவர் தாத்தாவும் பேரன்களும் நடத்தும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' 2018-ல் தொடங்கி, 2021-ல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. மூன்று வருஷ உழைப்பு அது; வளர்ந்ததும் நீளமான சமையல் வீடியோவால்தான். எனவே பார்வைக் காசை நம்பி கடன் வாங்க வேண்டாம்.

அப்போ வீண் வேலையா?

இல்லைங்க. குட்டி வீடியோவைத் தண்டோரா மாதிரி நினைத்துக்கொள்வோம். ஜவ்வரிசி வத்தல் எண்ணெயில் பொரிந்து விரிவதை அரை நிமிஷம் காட்டினால் சென்னையில் இருப்பவருக்கும் ஆசை வரும். இளம்பிள்ளை சேலையின் முந்தானையை விரித்துக் காட்டினாலும் அப்படித்தான். ஆனால் விலை, எடை, கூரியர் செலவு, குழுவின் வாட்ஸ்அப் எண் இவை வீடியோவில் இல்லையென்றால் பார்த்தவர் அப்படியே தள்ளிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு மாசம் சோதித்துப் பாருங்கள்

கையில் இருக்கிற போன் போதும். வாரம் 3 வீடியோ, மாதம் 12. ஒன்றுக்கு 2 மணி நேரம் என்றால் 24 மணி, அதாவது 3 நாள் வேலை. ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதுங்கள்: செலவான நேரம், விசாரித்தவர்கள், வந்த ஆர்டர், கையில் நின்ற லாபம். புது ஆர்டரின் லாபம் 3 நாள் கூலியைத் தாண்டினால் தொடரலாம். இரண்டாவது மாசமும் தாண்டவில்லை என்றால் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தைச் சந்தைக்கும் கண்காட்சிக்கும் கொடுங்கள்.

மறக்கக்கூடாதவை

• யார் முகம் வீடியோவில் வருதோ, அவங்க சம்மதம் வேண்டும்.
• பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடத் தேவையில்லை. கேட்டால் அது மோசடி. ஏமாந்தால் உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.
• ஆர்டர் வந்தபின் சரக்கு இல்லை என்று சொல்லாதீர்கள். கடன் வாங்குவதானால் முதலில் தராசுக்கும் பேக்கிங் மெஷினுக்கும் வாங்குங்கள்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாங்க. எல்லோரும் சேர்ந்தே முடிவு செய்வோம்.