மென்பொருட் பொறியியலின் முதற்பாடம்



ஆண்டின் தொடக்கத்தில் பாடசாலை அதிபருக்கு உண்டாகும் பெரிய தலையிடி யாதெனக் கேட்டால், நேரசூசி என்றே பெரும்பாலோர் விடை கூறுவர். எந்த ஆசிரியர் எந்தப் பாடவேளையில் எந்த வகுப்புக்குச் செல்வார் என்பதைப் பெரிய தாளொன்றில் வரைந்து முடித்த மறுவாரமே, ஒருவருக்கு இடமாற்றக் கடிதம் வந்து சேரும். வரைந்ததெல்லாம் குலைந்து போகும்.

நான் கடமையாற்றிய பாடசாலையொன்றில் இத்தொல்லையைத் தீர்க்க எண்ணிய இளம் ஆசிரியர் ஒருவர், இரவிரவாக இருந்து கணினிக்குச் செய்நிரல் ஒன்றை எழுதித் தந்தார். ஆசிரியர் பெயர்களையும் பாடங்களையும் கொடுத்தால், அது சில நிமிடங்களில் நேரசூசியை வகுத்துக் கொடுத்தது. இரண்டு ஆண்டுகள் அதனைப் போற்றினோம். மூன்றாம் ஆண்டில் அவருக்கே இடமாற்றம் வந்தது. அவ்வாண்டிலேயே பாடவேளைகளை எட்டிலிருந்து ஏழாகக் குறைக்கவும் நேர்ந்தது. வேறோர் ஆசிரியர் அச்செய்நிரலைத் திறந்து பார்த்தார். 'எட்டு' என்னும் இலக்கம் அதில் நாற்பது இடங்களுக்கு மேல் இருந்தது. எந்த எட்டு பாடவேளைகளின் தொகை, எந்த எட்டு எட்டாந் தரம் என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. நான் மறுபடியும் தாளையும் பென்சிலையும் எடுத்தேன்.

கலைப் பட்டதாரியாகிய நான் மென்பொருட் பொறியியல் பற்றி உங்களோடு பேச முன்வந்தமைக்கு அந்த எட்டே காரணம்.

என் பழைய மாணவர் ஒருவர் இன்று பல்கலைக்கழகம் ஒன்றில் இத்துறையின் அறிமுகப் பாடநெறியைக் கற்பித்து வருகிறார். அவரிடம் இக்கதையைக் கூறினேன். "சேர், அந்த ஆசிரியருக்குச் செய்நிரல் எழுதத் தெரியும், பிறர் கையிற் கொடுக்கத்தக்க மென்பொருளை ஆக்கத் தெரியாது. என் வகுப்புக்கு வருகின்றவர்களும் அந்த நிலையிலேதான் வருகிறார்கள்," என்றார் அவர்.

இவ்வேறுபாடு நேற்றுக் கண்டறியப்பட்டதன்று. 1968ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், அக்கால மேற்கு ஜேர்மனியின் கார்மிஷ் என்னும் மலையூரில், நேட்டோ அமைப்பின் விஞ்ஞானக் குழுவின் ஆதரவில் மாநாடு ஒன்று கூடிற்று. கணினிகள் வலுப்பெற்ற வேகத்துக்கு ஈடாகச் செய்நிரல் எழுதும் முறை வளரவில்லை. குறித்த காலத்தில் வேலை முடிவதில்லை. செலவு மதிப்பீட்டை மீறுகிறது. முடிந்ததென்று கொடுத்த பின்னரும் பிழைகள் வெளிப்படுகின்றன. இவையே அங்கு கூடியோரின் முறைப்பாடுகள். பாலங் கட்டுவோரிடத்து நாம் எதிர்பார்க்கும் ஒழுங்கும் பொறுப்பும் இத்தொழிலுக்கும் வேண்டும் என்பதை உணர்த்தவே, 'மென்பொருட் பொறியியல்' என்னும் தொடரை மாநாட்டின் தலைப்பாக வேண்டுமென்றே தெரிந்தெடுத்தனர்.

ஐ.பி.எம். நிறுவனத்தில் '360' வரிசைக் கணினிகளின் இயக்க மென்பொருள் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கிப் பின்னர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர் பிரெடரிக் புறூக்ஸ். அவர் 1975இல் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கைத் தருகிறார். தனியொருவர் தம் பயனுக்கென எழுதும் செய்நிரலைப் பிறரும் பயன்படுத்தித் திருத்தத்தக்க பொருளாக்குதற்கு மூன்று மடங்கு உழைப்பு வேண்டும். அதனைப் பல செய்நிரல்கள் ஒருங்கே இயங்கும் தொகுதியின் உறுப்பாக்குதற்கும் மூன்று மடங்கு வேண்டும். இரண்டும் சேரின் ஒன்பது மடங்கு. எங்கள் இளம் ஆசிரியர் ஒரு பங்கைச் செய்து முடித்தார். மிகுதி எட்டுப் பங்கும் இருக்கின்றன என்று அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை.

இனி, கற்பித்தலின் இடர்ப்பாட்டுக்கு வருவோம். முதலாம் ஆண்டு மாணவருக்கு ஆசிரியர் கொடுக்கும் பயிற்சி ஐம்பது அல்லது நூறு வரிகளில் முடிவது. என்ன வேண்டும் என்பது வினாத்தாளிலேயே ஐயமின்றி இருக்கும். விடையும் ஒன்றே. எழுதியவரைத் தவிர அதனை வேறெவரும் திருத்தப் போவதில்லை; புள்ளி கிடைத்த மறுநாள் அவரும் அதனை மறந்து விடுவார். இத்தகைய மாணவரை இருத்தி, "தெளிவாக எழுதுக, குறிப்பு வைத்திடுக, பிரித்து வகுத்திடுக, சோதித்துப் பார்த்திடுக" என்று பதினைந்து வாரம் விரிவுரை செய்வது, முழங்காலளவு தண்ணீரில் நிற்பவருக்கு நீச்சலின் அவசியத்தைப் போதிப்பது போலாகும். அவர் கேட்பார்; பரீட்சையில் எழுதியும் விடுவார்; நீந்த மாட்டார். ஆகவே, நல்லாசிரியர்கள் ஆழத்தை உண்டாக்கும் வழிகளைத் தேடினர்.

அவற்றுள் என் மனத்தை மிகக் கவர்ந்தது, கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் ஹோனிங், வோட்மன் என்னும் இருவர் நடத்திய முறை. 1977இல் அதனைப் பற்றி எழுதிய அவர்கள், அதனை ஒரு விளையாட்டு என்றே அழைத்தனர். மாணவர் சிறு சிறு கம்பனிகளாகப் பிரிந்து நிற்பர். ஆக்கவேண்டிய தொகுதி பல கூறுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழுவும் ஒரு கூறை எழுதி விலை கூறி விற்கவேண்டும். தனக்கு வேண்டிய மற்றக் கூறுகளைப் பிற குழுக்களிடம் வாங்கித் தொகுதியை நிறைவு செய்யவேண்டும். அத்தோடு விட்டார்களா? இல்லை. தொகுதியில் இன்னின்ன மாற்றம் வேண்டும் என்று பின்னர்க் கட்டளை பிறக்கும். அப்பொழுதுதான், விலைக்கு வாங்கிய கூறின் உள்ளே பார்க்கும் தேவை எழும். அயற்குழுவினரின் குழப்பமான எழுத்தோடு போராடிய மாணவருக்குத் தெளிவாக எழுதுவதன் பயனைப் பற்றி விரிவுரை தேவைப்படுமோ?

இதற்குச் சில ஆண்டுகள் முன்னர், பிற்ஸ்பேர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பானாஸ் என்பவர் வேறொரு வழியைக் கையாண்டார். ஒவ்வொரு கூறும் வெளியே எவ்வாறு நடந்து கொள்ளவேண்டும் என்பதை மாத்திரம் திட்டமாக எழுதி மாணவரிடம் கொடுத்தார். உள்ளே எப்படிச் செய்வது என்பது அவரவர் விருப்பம்; மற்றவருக்கு அது தெரியவும் கூடாது. ஒரே கூறைப் பல மாணவர் தனித்தனி எழுதினர். பின்னர் ஒருவர் எழுதியதை எடுத்துவிட்டு இன்னொருவர் எழுதியதை அவ்விடத்தில் வைத்து, பல்வேறு சேர்க்கைகளில் இயக்கிப் பார்த்தனர். மறைக்கவேண்டியதை மறைப்பதே நல்ல பகுப்பு என்னும் அவருடைய கொள்கை, 1972இல் வெளிவந்த கட்டுரைகளின் வழியே புகழ்பெற்றது. எங்கள் நேரசூசியில் அந்த எட்டு ஓரிடத்தில் மட்டும் இருந்து, ஏனைய இடங்களுக்கு மறைந்திருந்தால் என் பென்சிலுக்கு வேலை இருந்திராது.

கூறுகள் ஒன்றையொன்று தொடும் இடத்திலே கவனம் தவறினால் விளைவது யாதென்பதற்கு என் மாணவர் வகுப்பிற் காட்டும் சான்று, செவ்வாய்க் கிரகத்தை ஆராய 1998 டிசெம்பரில் அமெரிக்கா அனுப்பிய விண்கலம். ஒரு குழுவினரின் மென்பொருள் உந்துதலின் அளவை இறாத்தல் விசையில் கணித்துக் கொடுத்தது. அதனைப் பெற்ற குழுவினர் அதனை நியூட்டன் என்று கொண்டனர். ஓர் இறாத்தல் விசை ஏறக்குறைய 4.45 நியூட்டன். 1999 செப்டெம்பர் 23ஆம் நாள், கிரகத்தைச் சுற்றத் தொடங்கவேண்டிய விண்கலம் அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்து சென்று தொடர்பற்றுப் போயிற்று. இரு தரப்பாரும் தத்தம் கணக்கைச் சரியாகவே செய்திருந்தனர் என்பதுதான் வேதனை.

அண்மைக் காலத்தில் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் ஆர்மண்டோ பொக்ஸ், டேவிட் பற்றர்சன் என்னும் பேராசிரியர்கள், மாணவர் குழுக்களை இலாபநோக்கற்ற அமைப்புகளிடம் அனுப்பினர். கணினி அறியாத ஒருவரின் தேவையைக் கேட்டறிந்து ஆக்கிக் கொடுப்பதே வேலை. பட்டதாரிகளுக்குப் பழைய செய்நிரல்களைக் கையாளவும் தெரியவில்லை, சாதாரண மனிதரோடு பேசவும் தெரியவில்லை என்று கம்பனிகள் முறையிட்டமையே அவர்களை இவ்வழியிற் செலுத்திற்று.

இவ்வளவும் சிறந்தனவே. ஆயின், புள்ளியிடுவது எவ்வாறு? நால்வர் சேர்ந்து செய்ததற்கு நால்வருக்கும் ஒரே புள்ளியெனில், உழைத்தவர் நெஞ்சு எரியும். சோம்பியிருந்தவர் முகம் மலரும். என் மாணவர் குழுவின் புள்ளியில் ஒரு பகுதியை, அவ்வேலையைப் பெற்றுத் தொடர்ந்த அடுத்த குழுவின் கூற்றைக் கேட்டே இடுகிறார். முதல் ஆண்டில் மிகத் திறமையுள்ள மாணவி ஒருவர் கண்ணீரோடு வந்தாராம். "பெரும்பகுதியை நான்தான் எழுதினேன், எனக்கு ஏன் குறைவு?" என்பது அவர் வழக்கு. அவர் சொன்னது உண்மை. அவர் எழுதியதைப் பெற்ற குழுவினர் மூன்று வாரம் முயன்றும் ஒரு சிறு மாற்றத்தைத் தானும் செய்ய முடியாமற் போனதும் உண்மை. அம்மாணவியை நான் குறைகூறேன். பதின்மூன்று ஆண்டுகள் மேசைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, அயலவன் பாராமல் விடைத்தாளைக் கையால் மறைத்து எழுதும்படி பழக்கியவர்கள் நாங்கள். பரீட்சை மண்டபத்தில் அது முறையே. ஆனால் பாடசாலையில் நாங்கள் கற்பிக்கும் ஒரே முறையாக அது ஆகிவிட்டதற்கு நானும் உடந்தை என்று ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு என் மாணவர், எங்கள் பழைய நேரசூசிச் செய்நிரலையே கேட்டு வாங்கிச் சென்று, தம் வகுப்புக்கு ஒப்படையாகக் கொடுத்தார். ஒரு வரியேனும் எழுதுமுன் இரண்டு வாரம் வாசிக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஒரு குழு, இதனைத் திருத்துவதிலும் புதிதாக எழுதுவதே மேல் என்று அறிக்கை சமர்ப்பித்தது. இன்னொரு குழுவினர் எட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பாடவேளையைக் குறிப்பவற்றுக்குப் பெயரிட்டு ஓரிடத்திற் சேர்த்தனர். அக்குழுவைச் சேர்ந்த இருவர் ஒருநாள் பாடசாலைக்கு வந்து என்முன் அமர்ந்தனர்.

"சேர், எல்லா நாளும் ஏழு பாடவேளைதானா?" என்று கேட்டார் ஒருவர்.

ஆம் என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக் கொண்டேன். இல்லந்தோறும் விளையாட்டுப் போட்டிக்குப் பயிலும் முதலாந் தவணையில், வாரத்தில் இரண்டு நாள்கள் ஐந்து பாடவேளையோடு நிறுத்தி விடுவது எங்கள் வழக்கம். அந்நாள்களின் நேரசூசியை ஒவ்வோராண்டும் நானே கையால் வெட்டித் திருத்தி வந்தேன். இளம் ஆசிரியரிடம் நான் அதனைச் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை. அந்தப் பிள்ளை ஒரு கொப்பியைத் திறந்து அதனைக் குறித்துக்கொண்டு, அடுத்த வினாவுக்குச் சென்றார்.