ஏழாம் குரோமோசோமின் ஒட்டுவேலை

உட்காருங்கள், நீலகிரியில் இந்தத் தேவாலா மழை இப்போதைக்கு விடாது. டீ வரட்டும், டி-செல் பற்றிச் சொல்கிறேன்.

நமக்கு இருக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. கிருமிகளுக்கோ கணக்கில்லை. டி-செல் என்ற வெள்ளணு தன் மேலுள்ள ஏற்பியால்தான் அந்நியனை அடையாளம் காண்கிறது. கிருமிக்கு ஒரு ஏற்பி வேண்டுமென்றால் மரபணுவுக்கு எங்கே போவது?

உடம்பு வெட்டி ஒட்டிக்கொள்கிறது. ஏற்பியின் ஒரு பாதிக்கான துண்டுகள் ஏழாம் குரோமோசோமில் இருக்கின்றன: வி வகையில் நாற்பதுக்கும் மேல், டி இரண்டு, ஜே பதின்மூன்று. மார்பெலும்புக்குப் பின்னாலுள்ள தைமஸில் வளரும்போது ஒவ்வொரு செல்லும் வகைக்கு ஒன்றாக எடுத்து, தையல்காரர் துண்டுத்துணியை இணைப்பதுபோல் சேர்க்கிறது. இதில் ஆயிரம் சொச்சம்தான் தேறும். ஆனால் ஒட்டும் இடத்தில் சில டி.என்.ஏ. எழுத்துகள் உதிர்ந்து, சில தற்செயலாகப் புதிதாகச் சேரும். கோடிக்கணக்கான வகைகள் பிறப்பது அந்த ஒட்டில்தான். அதனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கும் ஏற்பிகள் ஒன்றாக இருப்பதில்லை. இந்த வெட்டி ஒட்டும் வித்தையை எதிர்ப்புரதத்தில் (ஆன்டிபாடியில்) கண்டுபிடித்த சுசுமு டொனெகாவா 1987-ல் நோபல் பெற்றார்.

துண்டுகளும் எல்லோருக்கும் ஒன்றல்ல. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் ஆப்பிரிக்க, ஐரோப்பிய, கிழக்காசிய, தெற்காசிய வம்சாவளியினர் 45 பேரைப் பார்த்து 2023-ல் வெளியிட்டதில், அதுவரை இருந்த மரபணுப் பட்டியலில் இல்லாத வடிவங்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. ஒன்று நியாண்டர்தாலிடமிருந்து வந்தது! பட்டியல் குறையாக இருந்தால், ஒருவர் பெற்றோரிடம் பெற்ற இயல்பான எழுத்தையே பிழையென்று கணினி படித்துவிடும். டி-செல்லை நம்பி வடிவமைக்கும் புற்றுநோய் வைத்தியத்துக்கு அது ஆகாது.

பட்டியலில் யார் இடம்பெறுகிறார்கள் என்பதும் முக்கியம். மனித மரபணு வேறுபாடுகளைத் தொகுத்த 'ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம்' 26 மக்கள் குழுக்களைச் சேர்த்தது. அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் உண்டு. இங்குள்ள பழங்குடியினரான பணியரும் குறும்பரும் இல்லை.

ஆனால் ரத்தம் கொடுப்பது இவர்களுக்குப் புதிதல்ல. நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தில் அரிவாள் செல் தன்மை இருப்பதை லேமனும் கட்புஷும் 1952-லேயே எழுதினார்கள். ஆய்வுக்கு இவர்கள் கை நீட்டி எழுபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. அடுத்து ரத்தம் கேட்டு வருகிறவர்கள் காரணத்தை அவரவர் மொழியில் சொல்லி, சம்மதம் வாங்கி, முடிவைக் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும்.