மூக்குக் கண்ணாடித் தொழிலில் மேல்நிலைச் சான்றிதழ்: பிள்ளைகள் ஆயத்தமாவது எப்படி?

"ஐயா, நம்ம மகனுக்கு டவுன்ல கண்ணாடிக் கடையில வேலை கெடைச்சிருக்கு. பிரேம் தொடச்சு அடுக்குற வேலைதானே, அதுல என்னா படிப்பு இருக்கு?" என்று பெற்றோர் சிலர் எம்மிடம் கேட்கிறார்கள். அதில் படிப்பு இருக்கிறது. படிப்படியாக ஏறிப்போகக்கூடிய படிப்பு. அதைப் பற்றி இந்த இதழில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கண் நோய்க்கு மருந்து கொடுப்பவரும் ஒப்பரேஷன் செய்பவரும் கண் வைத்தியர். பார்வையைச் சோதித்து இலக்கம் எழுதுபவரை ஒப்டோமெட்ரிஸ்ட் என்பார்கள். எழுதிக் கொடுத்த இலக்கத்தைப் பார்த்து, ஆளுக்குத் தக்க கண்ணாடியைத் தெரிவு செய்து, முகத்தை அளந்து, சரியாகப் பொருத்திக் கொடுப்பவர்தான் ஒப்டீஷியன். கண் சிவந்திருந்தாலோ, திடீரென்று பார்வை மங்கினாலோ, சீனி வியாதிக்காரருக்குப் பார்வையில் மாற்றம் தெரிந்தாலோ வைத்தியரிடம்தான் போக வேண்டும். நல்ல ஒப்டீஷியன் தானே முந்திக்கொண்டு அங்கே அனுப்பி வைப்பார்.

இந்தத் தொழில் நமது மலைக்கு எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் ஆதாரம் உண்டு. இந்தியாவில் அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில், 40 வயதும் அதற்கு மேலும் உள்ள 751 தொழிலாளரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2018 இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் வெள்ளெழுத்து இருந்தது. ஒரு பகுதியினருக்கு உடனேயே கண்ணாடி கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு கொடுத்தார்கள். கொழுந்துக் காலம் என்பதால் இரண்டு பகுதியினரின் நிறையும் கூடியது. ஆனாலும் கண்ணாடி போட்டவர்களின் வேலைத்திறன் மற்றவர்களைவிடச் சுமார் 21.7 சதவீதம் அதிகமாகக் கூடியிருந்தது. கொழுந்து நிறை குறைந்து அரைப் பேர் விழுந்த நாளின் மனக்கஷ்டம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கண்ணாடி என்றால் ஏதோ ஒரு கண்ணாடி என்று நினைக்கக் கூடாது. சம்பள நாளில் சந்தைக்கு ஒரு பெட்டியோடு வந்து, "போட்டுப் பாருங்க அக்கா, எழுத்துத் தெரியுதா?" என்று விற்றுவிட்டுப் போகிறார்கள். எழுத்துத் தெரியும். மலையில் கொழுந்து தெரியுமா? இங்கேதான் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் வித்தியாசம் வருகிறது.

கணக்கு லேசானது. 1 மீற்றரைக் கண்ணாடியின் இலக்கத்தால் பிரித்தால் எந்தத் தூரத்தில் தெளிவு விழும் என்று தெரியும். தூரப்பார்வை நன்றாக இருந்து, கிட்டத்தில் பார்க்கும் சக்தி வயதால் முழுவதும் போய்விட்ட ஒருவர் +2.50 போட்டால் தெளிவு 40 சென்றிமீற்றரில் விழும். பத்திரிகை வாசிக்க அது சரி. தேயிலைச் செடியில் கை நீட்டிப் பறிக்கும் தூரம் ஏறத்தாழ 60 சென்றிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அதற்குத் தேவை ஏறத்தாழ +1.75 தான். பத்திரிகைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போகும் அம்மாவுக்குக் கொழுந்தும் மங்கல், காலடியில் உள்ள கல்லும் மங்கல். சரிவில் அது ஆபத்து. "என்ன வேலை செய்கிறீர்கள்? எவ்வளவு தூரத்தில் பார்க்க வேண்டும்?" என்று முதலில் கேட்பவர்தான் ஒப்டீஷியன்.

இனி மேல்நிலைச் சான்றிதழுக்கு வருவோம். நாட்டுக்கு நாடு முறை வேறு. பிரித்தானியாவின் முறையை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம், அங்கே ஒழுங்கு நன்றாகத் தெரிகிறது. 1958 இல் வந்த ஒரு சட்டத்தின்படி அங்கே பொது ஒளியியல் சபை என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதில் பதியாதவர் தன்னை டிஸ்பென்சிங் ஒப்டீஷியன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுப்பது பதிந்தவரின் கையாலோ அவருடைய மேற்பார்வையிலோதான் நடக்க வேண்டும். அங்குள்ள ஒப்டீஷியன்மார் சங்கத்தின் தகைமைக்கு எஃப்.பி.டி.ஓ. என்று பெயர். பொதுவாக மூன்று வருடப் படிப்பு. கடையில் வேலை செய்துகொண்டே தபால்மூலப் பாடங்களாகவும், இடையிடையே கல்லூரிக்குப் போயும் படிக்கலாம். எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டும் உண்டு. அதோடு 1600 மணித்தியாலம் மேற்பார்வையில் வேலை செய்து, தான் கண்ணாடி கொடுத்த ஆட்களைப் பற்றிய பதிவேடும் ஒப்படைக்க வேண்டும். அதற்கு மேலே கொன்டாக்ட் லென்ஸ், பார்வை மிகக் குறைந்தோருக்கான உபகரணங்கள், லென்ஸ் வடிவமைப்பு என்று தனித்தனி உயர் தகைமைகள் இருக்கின்றன. அமெரிக்காவில் அடிப்படை, மேல்நிலை, மாஸ்டர் என மூன்று படி. மாஸ்டர் படிக்கு ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். இரண்டு நாடுகளிலும் பாஸ் பண்ணியதோடு புத்தகத்தை மூடிவிட முடியாது. மூன்று வருடச் சுற்றில் தொடர்ந்து படித்ததைக் காட்ட வேண்டும்.

இவ்வளவு பெரிய ஏணிக்கு நமது பிள்ளை எங்கே இருந்து ஏறுவது? சாதாரண தரத்தில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் இருந்துதான். பிரித்தானியக் கல்லூரிகளும் அந்தத் தரத்துச் சித்திகளையே முதலில் கேட்கின்றன. கணிதத்தில் தவறிய பிள்ளை மறுபடி எழுதத்தான் வேணும், இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

கடையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே ஆயத்தம் தொடங்கலாம். ஒரு கொப்பி போட்டுக்கொள்ளுங்கள். வருகிற இலக்கச் சீட்டு ஒவ்வொன்றையும், ஆளின் பெயர் இல்லாமல், அதில் எழுதி வையுங்கள். சீட்டில் ஸ்பியர், சிலிண்டர், அக்ஸிஸ் என்று மூன்று இருக்கும். +2.00, -1.00, 180 என்று ஒருவர் எழுதியதை இன்னொருவர் +1.00, +1.00, 90 என்று எழுதுவார். இரண்டும் ஒரே கண்ணாடிதான். முதல் இரண்டையும் கூட்டு, சிலிண்டரின் அடையாளத்தை மாற்று, அக்ஸிஸை 90 பாகை திருப்பு. ராத்திரியில் நாலு கணக்கு போட்டுவந்தால் இரண்டு மாதத்தில் கை தானாக ஓடும்.

அடுத்தது அளவு. "கண்ணாடி போட்டா தல சுத்துது ஐயா, கழட்டி வெச்சுட்டேன்" என்று சொல்பவர்கள் நமது லயங்களில் அநேகம். இலக்கம் சரியாக இருந்தும் இப்படி வரலாம். லென்ஸின் மையம் கண்மணிக்கு நேரே நிற்காவிட்டால் லென்ஸ் ஒரு பிரிஸம் போல வேலை செய்து பொருளை நகர்த்திக் காட்டும். எவ்வளவு என்று பார்க்க, விலகிய தூரத்தைச் சென்றிமீற்றரில் எடுத்து இலக்கத்தால் பெருக்க வேண்டும். ஒருவரின் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே 62 மில்லிமீற்றர். கடைக்காரர் கொடுத்த +4.00 கண்ணாடியில் மையங்களுக்கு இடையே 70. ஒரு பக்கத்துக்கு 4 மில்லிமீற்றர் பிசகு. 0.4 ஐ 4 ஆல் பெருக்க 1.6, இரு கண்ணுக்கும் 3.2 பிரிஸம். ஒரு மீற்றர் தூரத்தில் 3 சென்றிமீற்றருக்கு மேலான பிசகு அது. அதைச் சரிக்கட்டக் கண் இரண்டும் நாள் முழுக்க உள்பக்கம் இழுபட வேண்டும். தலைவலி வராமல் என்ன செய்யும்? பிரென்டிஸ் விதி எனப்படும் இந்தக் கணக்கு எந்த நாட்டு ஒப்டீஷியன் பரீட்சைக்கும் அடிப்படையானது. காசு கொடுத்து வாங்கிய கண்ணாடி தகர டப்பாவில் கிடப்பதற்கும் அதே விஷயம் ஒரு காரணம்.

வீட்டிலும் பழகலாம். பாட்டியின் கண்ணாடியை எடுத்து, அதன் வழியாகத் தூரத்துக் கதவு நிலையைப் பார்த்தபடி மெதுவாக அசையுங்கள். நிலை எதிர்ப் பக்கம் ஓடினால் பிளஸ், கண்ணாடியோடு சேர்ந்து போனால் மைனஸ். (பார்த்துவிட்டுத் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள், பாட்டி தேடுவார்.)

காசு விஷயத்தில் மட்டும் மிகக் கவனம் வேண்டும். "சர்வதேச டிப்ளோமா, ஆறே மாதம், வெளிநாட்டு வேலை நிச்சயம்" என்ற நோட்டீஸைப் பார்த்து நகையை அடகு வைத்துக் கட்டிவிட்டு வந்து நின்ற குடும்பங்களை நாம் அறிவோம். கட்டுமுன் கேட்க வேண்டியவை உண்டு. அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா? பாடநெறிக்குத் தேசிய தொழில் தகைமை மட்டம் உண்டா, உண்டென்றால் ஏழு மட்டங்களில் எது? வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் அதை வழங்கும் சங்கத்துக்கே நேரே எழுதி, இந்த நிறுவனத்தைத் தெரியுமா, பரீட்சை எங்கே நடக்கும் என்று கேளுங்கள். பரீட்சைக் கட்டணம் தனியா, எந்த நாட்டுக் காசில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் கண் தொழில்நுட்ப வேலை என்பது வேறு பாதை. அதற்கு உயர்தரம் வேண்டும், வர்த்தமானி அறிவித்தலையும் பார்த்துவர வேண்டும்.

படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டாரிடம் ஒன்று கேட்கிறோம். கடை வேலை முடிந்து பஸ் ஏறி வீடு சேர இரவு ஏழு, எட்டு ஆகும். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் டீ.வீ. சத்தத்தைக் குறைத்து வையுங்கள். பெண் பிள்ளை என்றால் அந்த ஒரு மணித்தியாலத்தில் "தண்ணி எடுத்து வா, தம்பியப் பாரு" என்று எழுப்பாதீர்கள்.

கண்ணாடிக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ஞாயிறு காலையில் நலன்புரி அலுவலகத்துக்கு வந்தால், கணக்குப் பயிற்சிக்கும் விண்ணப்பக் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதவும் உதவுவோம். வரும்போது கொப்பியும் சாதாரண தரப் பெறுபேற்றுச் சீட்டின் பிரதியும் கொண்டுவரவும்.