மனநல ஆலோசனை: யாரிடம் போவது, எதை எதிர்பார்ப்பது

மனநலச் சிகிச்சைக்கு யாரிடம் போவது என்ற கேள்வி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் இன்னொரு கேள்வியோடு சேர்ந்தே வருகிறது: எத்தனை தடவை போக முடியும்? அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். முதல் தடவையே சரியான ஆளிடம் போய்ச் சேருவது மலையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் முக்கியம்.

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவர். அவரால் மாத்திரை எழுத முடியும். மருத்துவ உளவியலாளர் மாத்திரை தருவதில்லை; பேச்சின் வழியே சிகிச்சை செய்கிறார், இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். ‘கவுன்சலர்’ என்ற பெயர் மட்டும் தகுதிக்குச் சான்றாகாது. பல மாதம் படித்தவரும் சில நாள் பயிற்சி பெற்றவரும் அதே பெயரில் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பதிவு, என் போன்ற பிரச்சினையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல சிகிச்சையாளர் நேராகப் பதில் சொல்வார்.

அரசு வழியில் சிகிச்சைக்குச் செலவு இல்லை. தமிழ்நாட்டில் 1990களில் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இப்போது எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் புறநோயாளர் பிரிவைக் கேட்டுப் போகலாம். மலையைவிட்டு இறங்குமுன் 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைப்பது நல்லது. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவசச் சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் நாள் பார்க்காமல் உடனே அழைக்க வேண்டும். கூட ஒருவர் இருக்க வேண்டும்.

குடிப் பிரச்சினைக்கு வரிசை மாறுகிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, இந்த மாவட்டத்தில் பல வீடுகளில் ‘இன்றோடு விட்டுவிடு’ என்ற பேச்சு எழுந்திருக்கும். பல ஆண்டுகள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் மருத்துவர், பிறகுதான் ஆலோசனை.

முதல் சந்திப்பில் பெரும்பாலும் கேள்விகள்தான்: தூக்கம், பசி, வேலை, குடும்பம், முன்பு வந்த நோய், சாகலாம் என்ற நினைப்பு. அன்றே மனசு லேசாகாவிட்டால் சிகிச்சை தோற்றதாகாது. சிகிச்சை என்பது அறிவுரையும் அல்ல. ‘தைரியமாக இருங்கள்’ என்பதை ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். மனச்சோர்வில் கொல்லைப் பக்கமே போகாதவரிடம், ‘நாளைக் காலையில் ஒரு வரிசை மரவள்ளிக்கு மட்டும் களை எடுங்கள், போகுமுன் மனசு பத்துக்கு எத்தனை, வந்த பின் எத்தனை என்று பாருங்கள்’ என்பார் சிகிச்சையாளர். அடுத்த வாரம் பேச்சு அந்த எண்களிலிருந்து தொடங்கும். எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, உளவியல் படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்த வகைச் சிகிச்சையைச் செய்தது. ஆறு முதல் எட்டு அமர்வுகளில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடக் கூடுதல் பேர் தேறினர் என 2017இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. மலைக்கு இது நம்பிக்கை தரும் செய்தி. வருடக்கணக்கில் அலைவதுதான் சிகிச்சை என்றில்லை.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்குள் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்று நிறுத்துவதும், தேறியதும் தானாகக் கைவிடுவதும் நோயைத் திரும்ப அழைக்கும். பூசாரியிடம் குறி கேட்பதும் கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் சிகிச்சைக்குத் தடையில்லை. மாத்திரையை நிறுத்தச் சொன்னால்தான் சிக்கல்.

மூன்று நான்கு தடவை போன பிறகு சில கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். எதற்காக வருகிறோம் என்பதில் இருவருக்கும் ஒரே எண்ணம் இருக்கிறதா? சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்கிறாரா? சாதியையோ பழங்குடி என்பதையோ வைத்து இளக்காரமாகப் பேசுகிறாரா? ஒத்துவராவிட்டால் அவரிடமே சொல்லலாம். வேறொருவரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். உடலைத் தொட்டு எல்லை மீறுபவர், கண்டிப்பாகக் குணமாக்குவேன் என்று பணம் கறப்பவர், இவர்களிடம் அடுத்த தடவை போகக் கூடாது.

எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில், ரகசியம் வெளியே போகுமோ என்ற பயம் நியாயமானது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை நோயாளியின் உரிமை ஆக்கியிருக்கிறது. நோயாளிக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் நிலை, நீதிமன்ற உத்தரவு போன்றவை விதிவிலக்கு. கூட வந்த கணவரையோ மாமியாரையோ வெளியே உட்காரவைத்துத் தனியாகப் பேசவேண்டும் என்று பெண்கள் கேட்கலாம்.

தன் மருத்துவப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. கேரளத்துக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் ஓ.பி. சீட்டையும் மருந்துச் சீட்டையும் கையோடு எடுத்துப் போனால், அங்குள்ள அரசு மருத்துவமனையில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 14416 அங்கேயும் கிடைக்கும்.