வெள்ளைக்கும் ஓர் எல்லை உண்டு
தொலைக்காட்சிக்குக் காணொலி அனுப்பும்முன் சரிபார்க்க வேண்டிய ஒளி அளவுகள்

மாணவர்களே, பாகான் டத்தோவில் பேராக் ஆறு கடலில் கலக்கும் இடத்தை நண்பகலில் கைப்பேசியில் படம் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேலே வெண்மேகம்; கரையில் தென்னை. கணினியில் தொகுக்கும்போது வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி, நிறத்தை அடர்த்தியாக்குகிறீர்கள். படம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால், அதே காணொலியைத் தொலைக்காட்சி நிலையத்திற்கு அனுப்பினால், ஒளி அளவு எல்லை மீறிவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். கண்ணுக்கு அழகாகத் தெரியும் படத்தில் அப்படி என்ன குறை?

இரண்டு அளவுகோல்கள்

8 பிட் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் ஒளியும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். கணினித் திரைக்கு 0 என்றால் கறுப்பு, 255 என்றால் வெள்ளை. தொலைக்காட்சிக்கோ 16 தான் கறுப்பு, 235 தான் வெள்ளை. 1982-இல் அனைத்துலக அளவில் வகுக்கப்பட்ட பிடி 601 என்ற தரநிலையிலேயே இந்த எல்லை இடம்பெற்றது. இன்றைய உயர்துல்லியக் காணொலிக்கான பிடி 709 தரநிலையும் இதையே பின்பற்றுகிறது.

எல்லை எதற்கு?

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் தொடங்கியது. 1978 டிசம்பரில் வண்ணத்திற்கு மாறியது. அன்றைய பால் எனும் அனலாக் முறையில் படக் குறிப்பலையின் மொத்த உயரம் 1 வோல்ட். அதில் 0.7 வோல்ட் படத்திற்கு. மீதி 0.3 வோல்ட், ஒவ்வொரு கோடும் எங்கே தொடங்குகிறது என்று பெட்டிக்குச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்புக்கு.

அந்த முறையில் படம் வெளுக்க வெளுக்க, பரப்பப்படும் அலையின் வலிமை குறையும். வெள்ளை எல்லை மீறினால் அலை ஏறக்குறைய அற்றுப்போகும். பெட்டியோ அந்தப் பட அலையின் துணையோடுதான் ஒலியைப் பிரித்தெடுத்தது. அதனால், திரையில் மிகப் பிரகாசமான வெள்ளை எழுத்துகள் தோன்றும்போது ஒலிபெருக்கியில் 'ர்ர்ர்' என்று இரைச்சல் கேட்கும். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், நினைவிருக்கலாம்.

2019 அக்டோபர் 31-ஆம் நாளோடு மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு முழுமையாக முடிந்தது. ஆனால் எல்லை மட்டும் போகவில்லை. படத்தைச் சுருக்கும்போதும் அளவு மாற்றும்போதும், கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்புகளில் எண்கள் சற்றுத் துள்ளும். சாலையோரத்தில் ஒதுங்க இடம் விடுவதுபோல, அந்தத் துள்ளலுக்கு மேலும் கீழும் இடம் விடப்பட்டுள்ளது. மேலும், நிலையங்களில் காணொலியைக் கொண்டுசெல்லும் வடங்களில் 0, 255 ஆகிய எண்கள் நேரக் குறியீட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. படத்துக்கு அவற்றைப் பயன்படுத்த முடியாது.

எல்லைக்கு வெளியே உள்ளவற்றைக் கருவிகள் வெட்டிவிடும். வெட்டினால் மேகத்தின் மடிப்பும், வேட்டியின் மடிப்பும், மல்லிகைச் சரத்தின் இதழ்களும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். அப்படி அழிந்த விவரம் மீண்டும் வராது.

நிறமும் எல்லை மீறும்

ஒளி அளவு சரியாக இருந்தாலே போதுமா? போதாது. ஒரு மஞ்சள் சேலையை எடுத்துக்கொள்வோம். சிவப்பு 95, பச்சை 70, நீலம் 10 விழுக்காடு. பிடி 709-இன்படி மொத்த ஒளியில் சிவப்பின் பங்கு 0.2126, பச்சையின் பங்கு 0.7152, நீலத்தின் பங்கு 0.0722. பெருக்கிக் கூட்டினால் ஒளி அளவு சுமார் 71 விழுக்காடு. இப்போது நிற அடர்த்தியை ஒன்றரை மடங்காக்குங்கள். ஒவ்வொரு நிறமும் அந்த 71-இலிருந்து ஒன்றரை மடங்கு தூரம் விலகும். சிவப்பு 107 ஆகும். நீலம் −20 அளவுக்கு இறங்கும். ஒளி அளவு மட்டும் அதே 71!

பூச்சியத்திற்கும் குறைவான நீல ஒளியை எந்தத் திரையால் காட்ட முடியும்? ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 103 பரிந்துரை, மூன்று நிறங்களும் −5 முதல் 105 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. நம் சேலை இரு பக்கமும் தேறவில்லை.

தொகுக்கும்போது என்ன செய்யலாம்?

முதலில், திரையை மட்டும் நம்பாதீர்கள். கண் சூழலுக்கு ஏற்பப் பழகிக்கொள்ளும், அளவுகோல் பழகாது. டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ போன்ற மென்பொருள்களில் அலைவடிவக் காட்டி உண்டு. அதில் இடமிருந்து வலம் படத்தின் இடமிருந்து வலமேதான்; உயரம் ஒளியின் அளவு. மேகம் உள்ள பக்கம் வரைபடம் 100-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியே காட்டும் வரைபடத்தையும் பாருங்கள்; சேலையின் குற்றம் அங்கேதான் பிடிபடும்.

அடுத்து, வெளிச்சப் பகுதிகளையும் நிற அடர்த்தியையும் கையாலேயே மெல்லக் குறையுங்கள். எல்லைக் கட்டுப்படுத்தி என்ற வசதியைக் கடைசியில் மட்டும் பயன்படுத்துங்கள். அது வேலி; விளக்கமாறு அல்ல. தொடக்கத்திலேயே அதைப் போட்டால், நீங்கள் காப்பாற்றியிருக்கக்கூடிய விவரத்தையும் வெட்டிவிடும்.

இறுதியாக, கோப்பை வெளியிடும்போது அளவு வகை 'வீடியோ'வா 'ஃபுல்'லா என்று கவனியுங்கள். 16–235 கோப்பை 0–255 என்று தவறாகப் படித்தால் படம் சாம்பல் பூசியதுபோல் வெளிறும். மாற்றிப் படித்தால் நிழல்கள் கருகி, வெள்ளை வெடிக்கும்.

கணக்கிட்டுப் பாருங்கள்

16-க்கும் 235-க்கும் இடையே 219 படிகள். 255 என்ற எண் எத்தனை விழுக்காடு? (255 − 16) ÷ 219 × 100, ஏறத்தாழ 109. அப்படியானால் 0 எத்தனை விழுக்காடு? விடை எதிர்ம எண்ணாக வரும். ஏன் என்று உங்கள் நண்பருக்கு விளக்க முடிந்தால், பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.